புள்ளும் ஒளியும்

'போட்டோகிராபி' என்னும் சொல்லை 1839ஆம் ஆண்டில் அறிவியலறிஞர் ஜான் ஹெர்ஷல் எடுத்தாண்டார். கிரேக்க மொழியில் ஒளியைக் குறிக்கும் சொல்லும் எழுதுதலைக் குறிக்கும் சொல்லும் இணைந்து பிறந்த சொல் அது. தமிழில் இதற்குப் புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்று சொற்கள் வழங்குகின்றன. முதற் சொல்லில் உள்ள புகைக்கும் இக்கலைக்கும் உள்ள உறவை ஆராய்வது வேறொரு கட்டுரைக்கு உரியது. ஏனைய இரண்டும் ஒன்றுக்கொன்று மாறுபட்ட சொற்கள் போலத் தோன்றினும் ஒரே உண்மையின் இரு பக்கங்களே. ஒளி எங்கே விழுகிறது, நிழல் எங்கே தங்குகிறது என்பதைத் தவிர ஒரு படத்தில் வேறொன்றும் இல்லை.

தமிழ்த்துறை மலரில் கேமராவைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று பெரியோர் வினவக்கூடும். ஐந்திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் புள்ளும் ஒன்று. வகுப்பறையில் குருகு, நாரை, அன்றில் என்று சொல்லிக்கொண்டே போகிறோம். அவற்றுள் பலவற்றை மாணவர்கள் கண்ணால் கண்டதில்லை. களவு மணத்துக்குச் சாட்சியாக ஒரு குருகைக் கொண்டுவந்து நிறுத்திய கபிலர், அதன் கால்களுக்குத் தினைத்தண்டை உவமையாக்கியதைக் குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் படிக்கிறோம். புலவர் அந்தக் காலின் நிறத்தையும் மெலிவையும் அருகிருந்து பார்த்திருக்கிறார். இன்று வேடந்தாங்கலுக்குக் கல்விச் சுற்றுலா சென்று திரும்பும் மாணவர்களின் படங்களில் கொக்கு ஒரு வெள்ளைத் திட்டாகவும், நீர்க்காகம் ஒரு கரித் துண்டாகவும் இருக்கின்றன. காலும் இல்லை, கண்ணும் இல்லை, இறகின் வரியும் இல்லை. 'நல்ல லென்ஸ் இல்லை ஐயா' என்பது அவர்கள் கூறும் காரணம். கடைக்காரர் கூறும் காரணமும் அதுவே. அக்கூற்றில் உண்மை ஓரளவே உண்டு. பறவையை அருகில் கொண்டுவருவது லென்ஸின் பணி; இறகை இறகாகக் காட்டுவது ஒளியின் பணி. ஒளியை அளக்கத் தெரியாதவர் கையில் விலையுயர்ந்த லென்ஸ் இருந்தால் வெள்ளைத் திட்டு சற்றுப் பெரிதாகத் தெரியும், அவ்வளவே.

பார்வை என்பது கண்ணிலிருந்து புறப்பட்டுச் செல்லும் கதிரால் நிகழ்வதன்று, பொருளிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியால் நிகழ்வது என்பதை 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில் நிறுவியவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம். மிகுந்த ஒளியை நோக்கினால் கண் வலிக்கிறது என்னும் எளிய செய்தியையும் தம் வாதத்துக்குச் சான்றாக அவர் கொண்டார். கேமராவுக்கு வலி தெரியாது. ஆகவே அதற்காக நாம்தான் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

படியும் நெல்லும்

ஒரு படத்துக்குள் எவ்வளவு ஒளி புகுகிறது என்பதை ஒளிப்படக்காரர்கள் 'எக்ஸ்போஷர்' என்பர். இக்கட்டுரையில் அதனை ஒளியேற்பு என்று வழங்குவோம். இதனைத் தீர்மானிப்பவை மூன்று. லென்ஸின் வழி எவ்வளவு திறந்திருக்கிறது என்பது ஒன்று. இதனை எஃப்/4, எஃப்/5.6, எஃப்/8, எஃப்/11, எஃப்/16 என எண்களால் குறிப்பர். எண் சிறிதானால் வழி பெரிது. திரை எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது இரண்டாவது. இது ஷட்டர் வேகம். படச்சுருளோ உணரியோ ஒளிக்கு எவ்வளவு விரைந்து இசைகிறது என்பது மூன்றாவது. இதன் அளவு ஐ.எஸ்.ஓ. எனப்படும். இம்மூன்றிலும் ஒவ்வொரு படியும் ஒளியை இரட்டிக்கிறது அல்லது பாதியாக்குகிறது. ஒன்றில் ஒரு படி கூட்டி மற்றொன்றில் ஒரு படி குறைத்தால் படத்தின் வெளிச்சம் மாறாது. இக்கணக்கு விளங்கினால் பாதி வழி கடந்தாயிற்று.

படச்சுருள் காலத்தில் வழிவழியாக வந்த ஒரு விதி உண்டு. தெளிந்த வெயிலில் எஃப்/16 வைத்துக்கொண்டால், ஐ.எஸ்.ஓ. எண் எதுவோ அதன் கீழ் ஒன்றை இட்ட பின்னமே ஷட்டர் வேகம். ஐ.எஸ்.ஓ. 400 என்றால் எஃப்/16க்கு 1/400 நொடி. பறவைக்கு 1/400 போதாது. ஆகவே எஃப்/8க்கு இரண்டு படி திறந்து, ஷட்டரை இரண்டு படி விரைவாக்கினால் 1/1600 நொடி. இதே வெயிலில் வெள்ளைக் கொக்குக்கு ஒரு படி குறைத்து 1/3200 வைக்கலாம். காக்கைக்கு ஒரு படி கூட்டி 1/800 வைக்கலாம். மேகம் அடர்ந்து நிழலே விழாத நாளில் வெயில் நாளைவிட மூன்று படி கூடுதலாக வேண்டும். எந்தக் கருவியின் துணையும் இன்றி இந்த அளவுக்குச் சொல்லிவிட முடியும். இன்றைய கேமராக்களில் ஒளிமானி உள்ளேயே அமைந்திருப்பதால் இவ்விதியைப் பலர் மறந்துவிட்டனர். மறக்காமல் இருப்பது நல்லது. ஏனெனில் அந்த ஒளிமானிக்கு ஒரு குறை உண்டு.

ஒளிமானி தான் பார்ப்பது பறவையா, பாறையா என்று அறியாது. தன் முன் உள்ள அனைத்தும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் உடையது என்று கொண்டே அது கணக்கிடுகிறது. விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் பரப்பே அந்தச் சாம்பல். மனித முகம், புல்வெளி, செம்மண் பாதை ஆகியவற்றுக்கு இது பெரும்பாலும் பொருந்திவிடுகிறது. பறவைகளுக்கு வரும்போதுதான் இடர்ப்பாடு. கருநிழல் படிந்த நீர்க்கடம்பின் முன்னே ஒரு கொக்கு நிற்கிறது எனக் கொள்வோம். படத்தின் பெரும்பகுதி இருண்ட இலைகள். ஒளிமானி அந்த இருளைச் சாம்பலாக்க முனைந்து ஒளியைக் கூட்டுகிறது. இலைகள் வெளுக்கின்றன, கொக்கு எரிந்து போகிறது. அதே கொக்கு அருகில் வந்து சட்டம் முழுவதும் நிறைந்து நின்றால், ஒளிமானி அந்த வெண்மையைச் சாம்பலாக்க முனைந்து ஒளியைக் குறைக்கிறது. கொக்கு அழுக்குத் துணிபோல் காட்சியளிக்கிறது. பறவை ஒன்று, வெயில் ஒன்று. பிழைகள் மட்டும் எதிரெதிரானவை. 'வெள்ளைப் பறவைக்குக் கூட்டு, கறுப்புப் பறவைக்குக் குறை' என்னும் ஒற்றை வாய்பாட்டை மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் தடுமாறுகின்றனர். பறவையின் நிறத்தோடு அதன் பின்புலத்தின் நிறத்தையும், சட்டத்தில் அது அடைத்துள்ள இடத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். முதற் கொக்குக்கு ஒன்று முதல் ஒன்றேமுக்கால் படி வரை குறைக்க வேண்டும். இரண்டாம் கொக்குக்கு ஏறத்தாழ ஒரு படி கூட்ட வேண்டும். வானில் பறக்கும் பருந்துக்கோ, பின்னே வெளிச்சமான வானமே நிறைந்திருப்பதால், ஒன்று முதல் இரண்டு படி வரை கூட்டினால்தான் அடிவயிற்றின் பழுப்பு தெரியும்.

படி நிறைந்தபின் அளக்கும் நெல் கீழேதான் சிந்தும். டிஜிட்டல் உணரியும் அத்தகையதே. ஒரு புள்ளியில் ஏற்கக்கூடிய ஒளி நிறைந்துவிட்டால், அதன்மேல் வரும் ஒளி எவ்வளவாயினும் அதற்கு ஒன்றே. அங்கே இறகின் வரிகள் இருந்தன என்பதற்கான செய்தியே பதிவாகாது. பின்னர்க் கணினியில் எத்துணை முயன்றாலும் அவ்விடத்தைச் சாம்பலாக்கலாமேயன்றி இறகாக்க இயலாது. இருட்டுப் பக்கம் இவ்வளவு கொடுமை இல்லை. நிழலுக்குள் மங்கலாகவேனும் செய்தி இருக்கும். அதனை உயர்த்தி எடுக்கலாம். ஆயினும் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் அதனோடு கிளம்பும். எனவே வெண்மை சிந்திவிடாத எல்லைவரை வெளிச்சமாகப் பதிவுசெய்வதே தக்கது என்பர் அறிந்தோர். சிந்திற்றா இல்லையா என அறிய, கேமராவின் திரையில் 'ஹிஸ்டோகிராம்' என்னும் மலை போன்ற வரைபடத்தைக் காணலாம். அம்மலை வலப்புறச் சுவரில் மோதி நின்றால் வெண்மை சிந்திவிட்டது என்று பொருள். எரிந்த இடங்களைக் கண்சிமிட்டிக் காட்டும் வசதியும் பல கேமராக்களில் உண்டு. 8 பிட் ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகளே உள்ளன. 14 பிட் 'ரா' கோப்பில் 16,384. கொக்கின் மார்பு இறகில் வெண்மைக்கும் வெண்மைக்கும் இடையே உள்ள நுண்ணிய வேறுபாடுகள் பின்னதில்தான் தங்கும். கேமராவில் அவ்வசதி இருப்பின் வெள்ளைப் பறவைகளுக்கு அதையே பயன்படுத்துக.

தானியங்கி முறையை நம்பாமல் ஒளியேற்பைக் கையாலேயே நிலைநிறுத்திக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. கடினமானது என்று பலர் அஞ்சும் இதுவே பறவைகளுக்கு எளிதானது என்பது என் எண்ணம். ஒரு கூழைக்கடா கருவேல மரத்திலிருந்து எழுந்து, நீரின் மேல் தாழப் பறந்து, பின் வானில் ஏறுகிறது. அதன் பின்புலம் கருமை, நடுத்தரம், வெண்மை என மும்முறை மாறுகிறது. தானியங்கி ஒளிமானி ஒவ்வொரு மாற்றத்துக்கும் தன் கணக்கை மாற்றுகிறது. ஆனால் கூழைக்கடாவின் மேல் விழும் வெயில் மாறியதா? இல்லை. பறவையின் மேல் விழும் ஒளி ஒன்றே என்றால் ஒளியேற்பும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். சூரியனை மேகம் மறைக்கும்போது மட்டும் மாற்றினால் போதும்.

நம் நாட்டு வெயில்

ஆங்கில நூல்கள் யாவும் சூரியன் எழுந்தபின் வரும் சிறுபொழுதையும் மறைவதற்கு முன் வரும் சிறுபொழுதையும் பொற்பொழுது எனப் போற்றுகின்றன. அக்கருத்து சரியே. அப்பொழுது கதிர்கள் சாய்ந்து வருகின்றன. வளிமண்டலத்தில் நெடுந்தொலைவு கடந்து வருவதால் நீலம் சிதறிப்போய் மஞ்சளும் செம்மையும் மிகுகின்றன. பறவையின் கண்ணுக்குள் ஒளி புகுந்து ஒரு பொட்டாக மின்னுகிறது. ஆனால் அந்நூல்களை எழுதியோர் பெரும்பாலும் வட நாட்டினர். மார்ச்சு 21ஆம் நாள் போன்ற சமபகலிரவு நாளில், கதிர் எழுந்து இரண்டு மணி நேரம் கழித்து இலண்டனில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 18 பாகை உயரத்தில் இருக்கும். வேடந்தாங்கலில் அதே இரண்டு மணி நேரத்தில் 29 பாகைக்கு ஏறிவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நம் சூரியன் சாய்ந்து ஏறுவதில்லை, செங்குத்தாக ஏறுகிறது. எனவே அவர்கள் இரண்டு மணி நேரம் என்று எழுதியதை நாம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் என்று படிக்க வேண்டும். காலை உணவை முடித்துக்கொண்டு ஒன்பது மணிக்குக் கரையில் இறங்கும் சுற்றுலாப் பேருந்துகளின் மாணவர்களுக்கு இது கசப்பான செய்தியாயினும் வேறு வழி இல்லை.

நண்பகல் ஒளியின் தீமை வெம்மையில் மட்டும் இல்லை. ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சில நாள்களில் தமிழகத்தில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அந்த வெயிலில் நாரையின் முதுகு எரிகிறது, வயிறு இருள்கிறது, கண் தன் புருவ நிழலுக்குள் மறைகிறது. முதுகுக்கு அளந்தால் வயிறு போகும். வயிற்றுக்கு அளந்தால் முதுகு போகும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. கீழே உள்ள தரை வெண்மையாக இருந்தால் அது மேல்நோக்கி ஒளியை அனுப்பிப் பறவையின் அடிப்பக்கத்தை விளக்கிவிடும். வேதாரண்யத்து உப்பளங்களின் மேல் தாழப் பறக்கும் ஆலாக்களின் இறக்கைகளின் கீழ்ப்புறம் நண்பகலிலும் தெளிவாகத் தெரிவது இதனால்தான். ஆயினும் அங்கே வேறோர் இடர் காத்திருக்கிறது. சூடேறிய சேற்று வெளியின் மேல் காற்று அலையாடுவதால், கோடியக்கரையில் தொலைவில் நிற்கும் பூநாரைகள் நீருக்குள் வரைந்த ஓவியம்போல் நெளியும். அந்த நெளிவை எந்த லென்ஸாலும் நேராக்க முடியாது. காலையில் செல்வதே மருந்து.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் மேகமூட்டத்தைப் பலர் வெறுக்கின்றனர். நான் வெறுப்பதில்லை. வானம் முழுவதும் ஒரு பெரிய வெண்திரைபோல் அமைந்து எல்லாப் பக்கமும் மெல்லொளி பரப்புகிறது. கொக்கின் வெண்மையும் கழுத்தின் நிழலும் ஒரே படத்துக்குள் அடங்குகின்றன. கறுப்பும் வெள்ளையும் கலந்த குண்டுக்கரிச்சானை எடுக்க இதைவிட நல்ல நாள் இல்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு: அன்று வானத்தைப் பின்புலமாகக் கொள்ளலாகாது. நீரோ, நாணலோ, வரப்போ பின்னே அமையும்படி நின்றுகொள்க.

நிற்கும் இடத்தைப் பற்றி ஒரு சொல். தன் நிழல் பறவையை நோக்கி நீளும்படி நிற்பது தொடக்கநிலையினருக்கு உகந்தது. சூரியன் முதுகுக்குப் பின்னே இருப்பதால் பறவையின் நிறம் முழுமையாகக் கிடைக்கும். ஏரிக்கு எந்தக் கரை வழியாகச் செல்வது என்பதைக் காலையில் கிழக்கு, மாலையில் மேற்கு என எண்ணிச் செல்வது இதற்காகவே. பழகியபின் சற்று விலகி நின்று பக்க ஒளியில் எடுத்துப் பார்க்கலாம். இறகின் மேடுபள்ளங்கள் அப்போது எழுந்து வரும்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

பறவையின் நிறங்களுள் சில சாயத்தால் வருபவை. சில ஒளியின் ஆட்டத்தால் வருபவை. காக்கையின் கருமை மெலனின் என்னும் நிறமியால் வருவது. பூநாரையின் செம்மை அது உண்ணும் உணவில் உள்ள நிறமிகளால் வருவது. மீன்கொத்தியின் நீலத்துக்கோ, பனங்காடை இறக்கையை விரிக்கும்போது தோன்றும் நீலத்துக்கோ நீலச் சாயம் ஏதும் இல்லை. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறச் செய்து நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறது. மயிலின் கழுத்தும் தேன்சிட்டின் மார்பும் இன்னும் ஒரு படி மேலே சென்றவை. அவற்றின் நிறம் பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப மாறும்.

ஊதாத் தேன்சிட்டின் ஆணை இனப்பெருக்கக் காலத்தில் கண்டோர் பலர், அது கறுப்புக் குருவி என்றே சொல்லுவர். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் நின்ற இடத்திலிருந்து அது கறுப்புத்தான். சூரியனைப் பின்னே வைத்து இரண்டடி நகர்ந்து நின்றால், அதே குருவி ஒரு கணத்தில் நீலமும் ஊதாவுமாகப் பற்றி எரிகிறது. தலையைத் திருப்பியதும் அணைந்துவிடுகிறது. இத்தகைய பறவைக்கு முன் காத்திருத்தல் ஒன்றே வழி. பூத்த செம்பருத்திச் செடி எதுவென்று பார்த்து வைத்துக்கொண்டு, காலை ஒளி அதன் மேல் நேராக விழும் பக்கத்தில் அமர்ந்திருந்தால் குருவி தானே வரும். ஒளியேற்பைக் கருமைக்கு அளந்து கூட்டினால், நிறம் பற்றும் அந்தக் கணத்தில் நீலம் எரிந்துபோகும். ஆகவே அரைப் படி குறைவாகவே வைத்திருப்பது நலம்.

நிறம் சரியாக வருதல் அழகுக்கு மட்டும் உரியதன்று. பறவைகளைக் கணக்கெடுப்போர் இன்று படத்தைச் சான்றாகக் கேட்கின்றனர். பெரிய வெள்ளைக்கொக்குக்கு வாய்க்கோடு கண்ணுக்குப் பின்னும் நீண்டு செல்லும். நடுத்தர வெள்ளைக்கொக்குக்குக் கண்ணின் கீழேயே நின்றுவிடும். சின்ன வெள்ளைக்கொக்கின் கால் கறுப்பு, பாதம் மஞ்சள். முகம் எரிந்த படத்தில் இவற்றுள் எதுவும் மிஞ்சாது. 'ஒரு கொக்கு' என்றுதான் எழுத முடியும். தினைத்தண்டு போன்ற கால் என்று எழுதிய புலவர் இதைவிடக் கூடுதலான செய்தியை நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்.

நிறமே இல்லாமல் ஒளியை மட்டும் கொண்டு காட்டிற்று வாழ்ந்தவர் ஒருவரும் நம்மிடையே இருந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996), காட்டுயிர்களைப் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைத் தாமே பொருத்தி அமைத்துக்கொண்ட கேமரா ஒன்றை வைத்திருந்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையை எழுதிய அவருடைய நடையும் படமும் ஒரே சிக்கனம் உடையவை. பறவையியல் மேதை சாலிம் அலி (1896-1987) இந்தியாவில் மேற்கொண்ட பயணங்களில் உடன் சென்று படமெடுத்தவர், சிங்கப்பூரில் கேத்தே திரைப்பட நிறுவனத்தை நடத்திய லோக் வான் தோ (1915-1964). அவருடைய 'எ கம்பெனி ஆஃப் பேர்ட்ஸ்' 1957இல் வெளிவந்தது. ஒரு படச்சுருளில் 36 படங்கள் மட்டுமே அடங்கிய காலம் அது. எடுத்த படம் எவ்வாறு வந்தது என்பதை நாள்கள் கழித்துத்தான் அறிய முடியும். ஒரு காலையில் ஆயிரம் படங்கள் எடுத்து அவற்றுள் பத்தைத் தேறவைக்கும் இக்காலத்தோர், அவர்கள் ஒளியை எவ்வாறு முன்கூட்டியே கணித்தனர் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

கூட்டின் மேல் விழும் வெயில்

ஒளியைப் பற்றி இவ்வளவு சொன்னபின், ஒளிக்காகச் செய்யப்படும் ஒரு கொடுமையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு படக் கண்காட்சியில், கூட்டில் வாய் பிளந்த மூன்று குஞ்சுகளின் படம் ஒன்று பலராலும் பாராட்டப்பட்டது. ஒளியேற்பில் குறையே இல்லை. குஞ்சுகளின் தொண்டைச் செம்மைகூட அழகாக வந்திருந்தது. படத்தின் ஓரத்தில் புதிதாக வெட்டிய கிளையொன்றின் வெள்ளைத் தழும்பும் தெரிந்தது. கூட்டை மறைத்த இலைகளைக் கழித்தே அந்த ஒளி உள்ளே கொண்டுவரப்பட்டிருந்தது.

அந்த இலைகள் வீணாக அங்கே இல்லை. இறகு முளைக்காத குஞ்சு தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாதது. நேர் வெயிலில் சிறிது நேரம் கிடந்தாலே வாடி இறந்துபோகும். மஞ்சள்மூக்கு நாரையின் கூட்டைக் கூந்தன்குளத்திலோ வேடந்தாங்கலிலோ நண்பகலில் பார்த்தவர்கள் அறிவர்: தாய்ப்பறவை சூரியனுக்கு முதுகைக் காட்டி, இறக்கைகளைப் பாதி விரித்து, குடைபோல் நிழல் செய்து நிற்கும். மரத்தின் உச்சியில் கூடு கட்டும் அந்தப் பறவைக்கு இலையின் நிழல் போதாது. எனவே தானே இலையாக நிற்கிறது. ஆள் நெருங்கினால் அது எழுந்து பறக்கும். பறந்த அந்தப் பொழுதில் குஞ்சின் மேல் வெயில் விழும். இலை கழித்த கூடோ காக்கைக்கும் வல்லூறுக்கும் விரித்து வைத்த விருந்து. படமெடுத்தவர் படத்தோடு வீடு திரும்பிவிடுவார். அடுத்து நடப்பதைக் காண அவர் அங்கே இருக்கமாட்டார்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்னும் சொல்லுக்குத் தரும் பொருள் விளக்கத்தைத் தமிழ் மாணவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டைகளையோ கூட்டையோ கலைப்பதும் அச்சொல்லுக்குள்ளேயே அடக்கப்பட்டுள்ளன. துப்பாக்கி ஏந்தியவனையும் கேமரா ஏந்திக் கூட்டைக் கலைத்தவனையும் ஒரே சொல்லால் சுட்டுகிறது சட்டம். கூட்டுக்குள் ஒளி போதவில்லை என்றால் ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தலாம், அல்லது அந்தப் படத்தை எடுக்காமல் விட்டுவிடலாம். பறவை கூடு கட்டும் பருவத்தில் கூட்டையே நாடாமல், இரை தேடும் வயலில் காத்திருக்கலாம். இராக்கொக்கு, ஆந்தை முதலியவற்றின் மேல் அருகிலிருந்து பிளாஷ் ஒளியைப் பாய்ச்சுவதையும் இதனோடு சேர்த்தே விலக்குக.

பயிற்சிக்கு எங்கே செல்வது என்று கேட்கும் மாணவர்களுக்கு ஒரு வழி உண்டு. கல்லூரி வளாகத்து வேம்பில் காக்கை இருக்கிறது. அருகிலுள்ள குளத்திலோ வயலிலோ கொக்கு இருக்கிறது. உலகில் ஒளியேற்புக்குக் கடினமான இரு பறவைகளும் இலவசமாக வாய்த்திருக்கின்றன. காலை ஏழு மணிக்கு ஒரு படம், நண்பகலில் ஒரு படம், மாலை ஐந்து மணிக்கு ஒரு படம் என ஒரே காக்கையை ஒரு வாரம் எடுத்து, ஒளிமானி சொன்ன அளவையும், ஒரு படி கூட்டியதையும், ஒரு படி குறைத்ததையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். காக்கையின் கழுத்துச் சாம்பலுக்கும் தலைக் கருமைக்கும் உள்ள வேறுபாடு எந்தப் படத்தில் தெரிகிறதோ அதன் அளவைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். கைப்பேசியே உள்ளவர்களும் இதனைச் செய்யலாம்: திரையில் கொக்கின் மேல் விரலை வைத்து, அருகில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் ஒளி குறையும், முதுகின் இறகுகள் தெரியத் தொடங்கும் இடத்தில் விரலை நிறுத்திவிடுக.